ஜப்பான்காரியின் வாயை மூடக் கல்முனைக்குப் போன கதை

சார்ஜாவில் நான் வேலை பார்த்த கடையில், ஒரு காருக்குத் தேவையே இல்லாத எல்லாப் பொருள்களும் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்கு மாட்டும் புலித்தோல் உறை, தலையாட்டும் பிளாஸ்டிக் நாய், குதிரை கனைப்பதுபோல் ஒலிக்கும் ஹாரன். கேட்டால் மட்டும் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டும் பொருள் ஒன்றும் உண்டு. அதுதான் ரேடார் காட்டி. சாலையோரம் போலீஸ்காரர் வேகம் பிடிக்கும் துப்பாக்கியை நீட்டினால், அதன் அலையை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்தும். கேட்டவுடன் பிரேக்கை மிதித்துவிட்டு, பிறந்ததிலிருந்தே நிதானமானவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு கடந்து போகலாம்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. அந்தக் கருவிக்குப் போலீஸ்காரரையும் சூப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு கதவுக்கும் அலறும். வாங்கிப் போனவர்கள் தலைவலியோடு திரும்பி வந்து எங்களைத் திட்டுவார்கள்.

எங்கள் கடையில் பொருத்துகிற வேலை ஹனீபாவுடையது. கல்முனைக்காரர், என் அறைக்கூட்டாளி. அவர்தான் இதற்கு ஒரு சிறு பெட்டி செய்தார். வண்டியின் வேகமுள்ளுக்குப் பின்னாலிருந்து ஒரு வயர் இந்தப் பெட்டிக்கு வரும். வண்டி நாற்பதுக்குக் கீழே போனால், பெட்டி ரேடார் காட்டியின் சத்தத்தை அடைத்துவிடும். வேகம் ஏறினால் திறந்துவிடும். மெதுவாகப் போகிறவனுக்குப் போலீஸ் பயம் எதற்கு என்பதுதான் இதன் தத்துவம். பெட்டி நன்றாக விற்றது.

எனக்கு விடுமுறை கிடைத்தது, ஹனீபாவுக்குக் கிடைக்கவில்லை. "தொண்டிக்குத்தானே போறாய், கொழும்பில இறங்கிப் போ. என்ட தங்கச்சிட மாப்புளைக்கு இந்தப் பெட்டியக் குடுத்து, நீயே பூட்டியும் குடுத்திட்டுப் போ," என்றார். என் ஊரான தொண்டியில் கடற்கரையில் நின்று எதிரே பார்த்தால் இலங்கைதான். ஆனால் அந்தக் கடலைக் கடந்து யாரும் விடுமுறைக்குப் போகிற காலம் அல்ல அது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வாப்பாவிடம் போனில் சொன்னபோது, "உனக்கு வேற ஊரே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். இது என்ன செய்யும் என்று கேட்டார். "இது ஒன்றும் செய்யாது சார். இன்னொரு பெட்டியை ஒன்றும் செய்யவிடாமல் வைக்கும்," என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து நிற்கிறவரின் அலுப்போடு, போ என்று கையை அசைத்தார்.

வெளியே லாபிர் காக்கா காத்திருந்தார். ஹனீபாவின் தங்கை ஹிதாயாவின் கணவர் அவர். தடித்த, சிரித்த மனிதர். அண்ணனைக் காக்கா என்றும் அக்காளை ராத்தா என்றும் அழைப்பது எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் முதல் நிமிடத்திலேயே உறவு அமைந்துவிட்டது. அவருடைய வேன் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்தது. சாவியைத் திருப்பியதும் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் கேட்டது. தேன் தடவிய குரல். ஜப்பானிய மொழியில் ஏதோ ஒரு நீண்ட வரவேற்பு. நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அவதான்," என்றார் லாபிர் காக்கா, முன்பலகையில் ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி. "வேனோடயே வந்தவ. சத்தத்தக் குறைக்கிற திருகு ஜப்பான்லயே உடஞ்சி போச்சி. ஆரு சொன்னாலும் கேக்கமாட்டா."

வேன் வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைத்த பேசும் ரேடார் காட்டி அது. வழியில் அவள் நான்கைந்து இடங்களில் பேசினாள். ஒவ்வொரு முறையும் காக்கா பிரேக்கை மிதித்தார். ஓர் இடத்திலும் போலீஸைக் காணவில்லை. "பாத்தீங்களா தம்பி, பயந்து ஒளிச்சிட்டானுகள்," என்றார். உண்மையில் அந்தச் சாலையில் வேகத் துப்பாக்கி என்ற ஒன்று இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை என்பதையும் பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் எதை வைத்துப் பிடித்தார்கள் என்றே தெரியாமல், வேகத்துக்காகப் பலமுறை பிடிபட்டவர் அவர். இன்னொரு முறை பிடித்தால் லைசன்ஸ் போய்விடும் என்று நீதிமன்றத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு. லைசன்ஸ் போனால் வேன் வெறும் இரும்பு.

மறுநாள் காலை கல்முனையில் கண்விழித்தபோது வீடு முழுக்கத் தேங்காய்ப் பால் மணம். ஹிதாயா ராத்தா இடியப்பமும் மீன் ஆணமும் வைத்தார். எங்கள் ஊரிலும் குழம்பை ஆணம் என்போம். ஆனால் எங்கள் ஆணத்தில் புளி தலைவர், இங்கே தேங்காய்ப் பால் தலைவர். அதன் மேல் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று சொல்லி ராத்தா கவிழ்த்தே காட்டினார். அந்தத் தயிரைச் சீனி போட்டுச் சாப்பிட்ட பிறகு, இத்தனை நாள் தயிர் என்ற பெயரில் நான் எதைச் சாப்பிட்டேன் என்று யோசிக்கவேண்டி வந்தது.

சாப்பிடும்போதுதான் விஷயத்தின் மறுபாதி தெரிந்தது. போன மாதம் கோமாரிக்கு முன்னாலுள்ள சோதனைச் சாவடியில் ஜப்பான்காரி பேசிவிட்டாளாம். மரத்தில் கட்டியிருந்த எதையோ பார்த்துப் பேசினாளா, சும்மா பேசினாளா, தெரியாது. முன்பலகையிலிருந்து புரியாத மொழியில் ஒரு பெண்குரல் வந்தால் சிப்பாய்கள் என்ன நினைப்பார்கள்? யாரோடோ வயர்லெஸ்ஸில் பேசுகிறான் என்று காக்காவை இறக்கி உட்காரவைத்து, வேனின் சீட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். மாலையில்தான் விட்டார்கள்.

"அண்டைக்கே கழட்டி எறியச் சொன்னன்," என்றார் ராத்தா. "கேக்கல்ல. பொஞ்சாதி கதைச்சா எரிச்சல். அவ கதைச்சா சிரிப்பு."

"புள்ள, அவ லைசன்ஸக் காப்பாத்துறா. நீ என்னத்தக் காப்பாத்துறாய்?"

"ஒங்கள."

காக்கா இன்னொரு இடியப்பத்தை எடுத்தார்.

சாவடிக்கு வருமுன் அவளை நிறுத்திவிடலாமே என்று கேட்டேன். நிறுத்தும் விசை முன்பலகைக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில் இருந்தது. போன மாதம் வரை குனிந்து கையைவிட்டு நிறுத்திக்கொண்டுதான் போனாராம். அன்றைக்கு மறந்துவிட்டார். இப்போது வேறு பயம் பிடித்திருந்தது. சாவடியை நெருங்கும் வண்டியின் ஓட்டுநர் குனிந்து கையைக் கீழே விட்டால், எதிரே துப்பாக்கியோடு நிற்பவன் என்ன நினைப்பான்? அதனால்தான் ஹனீபாவின் பெட்டி. சாவடிக்கு எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். மெதுவானால் அவள் வாய் தானாக மூடும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும்.

சார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் கதவுக்காகச் செய்த பொருள் இப்படியொரு வேலைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்று முழுக்கப் பொருத்தும் வேலை. நான் விற்பனையாளன். ஹனீபா பொருத்துவதை நூறு முறை வேடிக்கை பார்த்தவன் என்பதுதான் என் தகுதி. வேகமுள்ளைக் கழற்றியதும் பின்னால் வண்ண வண்ணமாக வயர்கள், கல்யாண வீட்டுப் பந்தல்போல. முதலில் தொட்ட வயரில் வைப்பர் ஓடியது. இரண்டாவதில் ஹாரன் அடித்தது, நிற்கவில்லை. தெருவே வந்து பார்த்தது. ராத்தா டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒங்கட ஊர்ல ஒங்கள என்ன வேலைக்கு வெச்சிரிக்காங்க?" என்று கேட்டார். பிற்பகல் ஆனபோது சரியான வயர் கிடைத்தது.

மூன்றாம் நாள் வெள்ளோட்டம். நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனை வரை போனோம். ஜப்பான்காரி வண்டியைக் கிளப்பும்போது வரவேற்றதோடு சரி, பிறகு வாயே திறக்கவில்லை. பெட்டி வேலை செய்கிறது என்று நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். காக்காவின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"தம்பி, இவள ஊமையாக்கிட்டீங்க."

காரணம் எளிது. அந்தச் சாலையில் நாற்பதைத் தொடவே வழியில்லை. அறுவடை முடிந்திருந்ததால் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் மாடுகள் படுத்திருந்தன. மாடு எழுந்தால் எதிரே பஸ் வந்தது. பஸ் ஒதுங்கினால் மீன்காரரின் சைக்கிள் வந்தது. சார்ஜாவின் ஆறு தடச் சாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அக்கரைப்பற்றுச் சாலைக்குப் போட்டுவிட்டிருந்தோம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதைத் திருகி அளவைப் பாதியாகக் குறைத்தேன். ஒலுவில் பக்கம் வெட்டவெளியில் வேன் கொஞ்சம் ஓடியதும் அவள் எதையோ பார்த்துப் பேசினாள். காக்கா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் இரண்டு சாவடிகள். எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, வேனை மட்டும் ஊர்ந்து வரச் சொன்னார்கள். அவள் மூச்சு விடவில்லை. வீடு வந்ததும் காக்கா ராத்தாவிடம், "இனி ஒரு கரச்சலும் இல்ல," என்றார். ராத்தா, "இன்ஷா அல்லாஹ்வச் சேத்துச் சொல்லுங்க," என்றார்.

நான்காம் நாள் பொத்துவிலுக்கு ஒரு கல்யாண ஹயர், அதாவது வாடகைச் சவாரி. காக்காவின் உறவில் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பலகாரத் தட்டுகளோடு பெண் வீட்டுக்குப் போகவேண்டும், லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன் போய்ச் சேரவேண்டும். வேன் நிறையப் பெண்கள், மடியில் வட்டிலப்பச் சட்டிகள், தொதல் தட்டுகள். முன்சீட்டில் காக்காவுக்கும் கதவுக்கும் நடுவே நான். எனக்குப் பின்னால் ராத்தாவும், மாப்பிள்ளையின் மாமி ஆசியா உம்மாவும். ஆசியா உம்மா பெரிய வெற்றிலைப் பையோடு வந்திருந்தார். வழியெல்லாம் பாக்கு வெட்டிக்கொண்டே வந்தார். இந்தியாவில் பாக்கு என்ன விலை, பெண் என்ன விலை என்று ஒரே மூச்சில் விசாரித்தார். எங்கள் பக்கம் விலை மாப்பிள்ளைக்குத்தான் என்றேன். "இஞ்சயும் அதே கூத்துத்தான்," என்றார்.

திருக்கோவில் தாண்டியதும் சாலை காலியானது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புதர். வேன் வேகமெடுத்தது. ஜப்பான்காரி உற்சாகமாக இரண்டு முறை பேசினாள். பெண்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி அவளைப்போலவே பேசிக்காட்டினாள். கோமாரிக்கு முன்னாலுள்ள சாவடி வந்தது. காக்கா வேகத்தைக் குறைத்தார். அவள் அடங்கினாள். காக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அன்று அந்தச் சாவடியில் கெடுபிடி அதிகம். எல்லாரும் இறங்கவேண்டும், எஞ்சினை நிறுத்தவேண்டும், முன்மூடியைத் திறக்கவேண்டும் என்றார்கள். பெண்கள் தட்டுகளோடு மரத்தடிக்குப் போனார்கள். சிப்பாய்கள் சீட்டுக்கு அடியில் பார்த்தார்கள், எஞ்சினைப் பார்த்தார்கள், ஒரு தொதல் துண்டைச் சாப்பிட்டும் பார்த்தார்கள். என் இந்தியக் கடவுச்சீட்டை மட்டும் முன்னும் பின்னுமாகப் புரட்டினார்கள். பிறகு சரி, போகலாம் என்றார்கள். பெண்கள் ஏறினார்கள். காக்கா சாவியைத் திருப்பினார்.

வண்டி கிளம்பும்போதெல்லாம் அவள் வரவேற்புச் சொல்வாள் என்பது எங்களுக்குத் தெரியும். பெட்டி விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் அவள் சொல்லி முடித்துவிடுவாள். காலையில் ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று இரண்டு பேரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சாவடியில் எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பவேண்டி வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஜப்பான்காரி தன் முழுக் குரலில், தேன் தடவி, நீண்ட வரவேற்பைச் சொன்னாள்.

முன்னால் நின்ற சிப்பாய் ஏதோ கத்தினார். துப்பாக்கிகள் மேலே வந்தன. காக்கா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின் மேல் விரித்து வைத்தார். நானும் முன்பலகையின் மேல் வைத்தேன். பின்னால் பாக்கு வெட்டும் சத்தம் நின்றது.

எங்கள் இரண்டு பேரையும் இறக்கி மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஓர் அதிகாரி வந்தார். இளையவர், முகத்தில் பாதிச் சவரம், கன்னத்தில் சோப்பு நுரை காயாமல் இருந்தது. காக்கா சிங்களத்தில் வேகமாகப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வேனின் ஜன்னலருகே இருந்த ராத்தாவைப் பார்த்தேன். ராத்தாவுக்குச் சிங்களம் தெரியும். அவருடைய வாப்பாவின் கடை அம்பாறை நகரத்தில் இருந்ததாம்.

"என்ன சொல்றாரு?"

"எல்லாம் தன்ட சாமான் எண்டு சொல்றாரு. நீங்க விருந்தாளியாம், ஒண்டும் தெரியாதாம்." ராத்தாவின் குரல் தாழ்ந்திருந்தது. "பேசாம இரிங்க தம்பி. நீங்க வேற நாட்டுக்காரன்."

நான் யார்? வேற்று நாட்டுக்காரன், கையோடு வயர் வைத்த பெட்டி கொண்டுவந்தவன், அதுவும் அந்த வருடங்களில். சும்மா நிற்பதுதான் புத்தி. ஆனால் காக்கா பேசப் பேச அவருடைய கழுத்தில் வியர்வை ஓடுவது தெரிந்தது. போன மாதமும் இதே இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர் அவர். இரண்டாவது முறை மாலையில் விடுவார்களா?

"சார், அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது நான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

காக்கா திரும்பி, "வாய மூடுங்க தம்பி," என்றார்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த இடத்தில் ஒரு பொருளைக் காட்டி யாருடையது என்று கேட்டால், ஒருவனும் தன்னுடையது என்று சொல்லமாட்டான். இன்றைக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறீர்கள்," என்றார். "சரி, நீ சொல். என்ன இது?"

சொன்னேன். பெரிய பெட்டி போலீஸின் ரேடாரைக் கண்டால் பேசும். சின்னப் பெட்டி, வண்டி மெதுவாகப் போகும்போது பெரியதைப் பேசவிடாது.

"அதாவது, நான் நிறுத்துகிற இடத்தில் மட்டும் இது வாயை மூடிக்கொள்ளவேண்டும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சார்ஜாவில் வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ விதமாக அந்தப் பெட்டியை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும், இவ்வளவு மோசமாகவும் யாரும் அதை விளக்கியதில்லை.

"ஆமாம் சார்," என்றேன். வேறு என்ன சொல்ல? "போன மாதம் இங்கே பேசிவிட்டது. இவரை நாள் முழுக்கப் பிடித்து வைத்தார்கள்."

"வரும்போது நிறுத்திவிட வேண்டியதுதானே?"

"விசை கீழே இருக்கிறது சார். குனிந்து கையை விடவேண்டும். உங்கள் ஆள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது நன்றாக இருக்காது."

 அதிகாரி வேனுக்குள் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். அவர் முன்னால் நின்ற சிப்பாயைப் பார்த்தபடி, மெல்லக் குனிந்து, வலது கையை முன்பலகைக்குக் கீழே விட்டார். அப்படியே இருந்தார். நிமிர்ந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். சிப்பாய் இரண்டு சொல்லில் பதில் சொன்னார்.

காக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது. அதிகாரி இறங்கி வந்து எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: "சுட்டிருப்பேன் என்கிறான்."

அதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை. சிப்பாயும் வெட்கப்பட்டவர்போல் வேறு பக்கம் பார்த்தார்.

"இரண்டையும் இங்கேயே கழற்றுங்கள். பிறகு கல்யாணத்துக்குப் போங்கள்," என்று சொல்லிவிட்டு அதிகாரி மீதிச் சவரத்துக்குப் போய்விட்டார்.

காக்காவால் முடியவில்லை. பிடித்த வயர் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. என் கையும் அதைவிட நல்ல நிலையில் இல்லை. ராத்தா இறங்கி வந்தார். "தள்ளுங்க," என்று ஓட்டுநர் சீட்டில் ஏறினார். "மாமி, பாக்குவெட்டியத் தாங்க."

ஆசியா உம்மா தயங்கினார். "அது வெள்ளிப் பிடி போட்டது புள்ள."

"பிடிய வெட்டமாட்டன்."

இரண்டு நாள் முன்பு டார்ச் பிடித்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பாக்கு நறுக்குவதுபோலவே வயர்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். ஒட்டியிருந்த ஜப்பான்காரியைப் பிடித்து இழுத்தபோது முன்பலகையின் தோலும் கொஞ்சம் வந்தது. இரண்டு பெட்டிகளையும் மணல் மூட்டையின் மேல் வைத்தார். பிறகு, வெட்டவேண்டாத ஒரு வயரையும் சேர்த்து வெட்டிவிட்டது தெரியவந்தது. வேகமுள் படுத்துவிட்டது. அதைப் பற்றிப் பேசுகிற மனநிலையில் யாரும் இல்லை.

பொத்துவில் வரை ஆசியா உம்மா பாக்குவெட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கல்யாண வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, ஆசியா உம்மா "றோட்டுல மாடு," என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் அது எல்லாவற்றுக்கும் போதுமான காரணம்.

ஆண்களைச் சஹனில் உட்காரவைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. நெய்ச் சோறு, ஆட்டிறைச்சி, அன்னாசி போட்ட ஒரு கறி. அதற்கு ஈடான சாப்பாட்டை நான் தொண்டியிலும் சாப்பிட்டதில்லை. இதை வாப்பாவிடம் சொல்லவில்லை. காக்கா எனக்கு எதிரே இருந்தார். சோற்றை எடுப்பார். வாய்க்குப் போகும் வழியிலேயே பாதி தட்டில் விழும். மறுபடி எடுப்பார். பக்கத்தில் இருந்தவர், "என்ன லாபிர், காய்ச்சலா?" என்றார். "ஓம்," என்றார் காக்கா. சிறிது நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

திரும்பும்போது ராத்தா என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். அதே சாவடியில் இறங்கி ஏறினோம். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ராத்தா கேட்டார்.

"போன மாசத்துக்கு முந்தி, எத்தின தரம் குனிஞ்சி கைய உட்டீங்க?"

"எண்ணல்ல புள்ள."

"ஒவ்வொரு தரமுமா?"

"ஓம்."

ராத்தா ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய முக்காடு நழுவி விழுந்ததைக்கூட இழுத்துவிடவில்லை. காக்கா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அதை எடுத்து ராத்தாவின் தோளில் போட்டார். பின்னால் இருந்த ஆசியா உம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. ஆனாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் காக்கா வேனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் நான் கிளம்பவேண்டும். வேறு வேன் பிடித்துத் தருவார் என்று நினைத்தேன். ஆனால் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "ஏறுங்க தம்பி," என்றார். ராத்தா வழிக்கு ரொட்டியும் சீனிச் சம்பலும் கட்டிக் கொடுத்தார். காக்காவிடம், "பைய ஓட்டுங்க," என்றார். காக்கா சரியென்று தலையாட்டினார்.

மெய்யாகவே அப்படித்தான் ஓட்டினார். வேகமுள் இல்லை, ஜப்பான்காரி இல்லை. எவ்வளவு வேகம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் விட மெதுவாகப் போவது என்று முடிவு செய்துவிட்டார்போல. பஸ்கள் எங்களைத் தாண்டின. பஸ்களுக்குப் பிறகு லாரிகள். உழவு மெஷின் ஒன்று தாண்டும்போது அதை ஓட்டியவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். விமானத்தைப் பிடிப்போமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் அந்தக் கைகளைப் பார்த்த பிறகு, வேகமாகப் போங்கள் என்று எப்படிச் சொல்வது?

குருநாகல் நெருங்கும்போது, வளைவில், சாலையின் நடுவே ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தினார். மறு கையில் ஏதோ கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

காக்கா ஓரங்கட்டி நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்தார். "இதுதான் தம்பி அது," என்றார் மெதுவாக. "ஒரு நாளும் கண்டதில்ல. இப்ப கண்டாச்சி." லைசன்ஸை எடுக்கச் சட்டைப் பைக்குக் கூடக் கை போகவில்லை. போலீஸ்காரர் கிட்டே வரட்டும் என்று அப்படியே இருந்தார்.

போலீஸ்காரர் கிட்டே வந்தார். கையில் இருந்தது குடை. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. காக்காவிடம் என்னவோ கேட்டார். காக்கா விழித்தார். மறுபடி கேட்டார். காக்கா தலையாட்டினார். போலீஸ்காரர் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிப் படுத்தமாதிரி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ் உட்டுட்டாராம்," என்றார் காக்கா என்னிடம். "நீர்கொழும்புல டியூட்டியாம்."

வேன் கிளம்பியது. அதே வேகத்தில், அதாவது வேகமே இல்லாமல். ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. இன்னொன்று தாண்டியது. பின்னால் போலீஸ்காரர் நெளிந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது பஸ் தாண்டியபோது முன்சீட்டின் முதுகைத் தட்டி ஏதோ சொன்னார். காக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றாரு?"

"பொழுது போகுதாம். கெதியா ஓட்டட்டாம்."

"எவ்வளவு வேகமாண்ணு கேட்டீங்களா காக்கா?"

"கேக்கல்ல," என்றார். "கேட்டா ஒரு அளவு சொல்லிருவாரு."

அவர் மிதித்த மிதியில் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முதல் பஸ்ஸைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். போலீஸ்காரர் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்திருந்தார்.